சட்டை வந்தது, ஆள் வரவில்லை

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறைக்குள் வருகிறவர் எதை எதிர்பார்த்து வருகிறார் என்பது நீங்கள் படித்த எந்தப் பாடத்திலும் இருக்காது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்ததும் நாக்கை நீட்டினார். இன்னொரு அம்மா, நாடி பார்ப்பேன் என்று நினைத்து, நான் பேசி முடிக்கும்வரை கையை மேசைமேல் வைத்துக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் ஓர் அண்ணனிடம் தூக்கம் எப்படி என்று கேட்டேன். அவர் என்னை முறைத்து, "அத நீங்கதானம்மா சொல்லணும்?" என்றார். குறி சொல்கிறவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள். வந்தவரின் கஷ்டம் என்ன என்பதை அவர்களே சொல்வார்கள். நானோ கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மலேசியாவில் சிரம்பானைச் சுற்றியுள்ள அரசாங்கக் கிளினிக்குகளில் உளவியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அம்பாங்கானில் இருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் அவ்வப்போது வீட்டுக்கு வந்து, "எப்படி மிஸ் அந்தக் காலத்தில் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறீர்கள். அந்தக் காலம் என்று நீங்கள் சொல்வது நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு வரைக்கும் இருந்த காலம். என்னைக் கிழவியாக்குவதில் உங்களுக்கு அப்படி என்ன அவசரமோ தெரியவில்லை. கேட்டதற்கு லெட்சுமியின் கதையைச் சொல்கிறேன். பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விஷயங்களையும் மாற்றிவிட்டேன். சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக் காட்டிச் சம்மதமும் வாங்கிவிட்டேன். "என்னைய ரொம்ப அழுமூஞ்சியா காட்டிறாதீங்க மிஸ்" என்பது லெட்சுமி போட்ட ஒரே நிபந்தனை.

ஒரு காலையில் முகப்பிலிருந்த தாதி சிரிப்பை அடக்கமுடியாமல் என் அறைக்கு வந்தாள். "மிஸ், உங்க பேஷண்டு பிளாஸ்டிக் பையில வந்திருக்காரு."

பின்னாலேயே லெட்சுமி வந்தார். பெடாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருப்பவர். ஐம்பதைத் தொடும் வயது, வேலைக்குப் போகும் நேரத்தை விட்டுவிட்டு வந்த பரபரப்பு. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தொழிற்சாலைச் சீருடை. நெஞ்சுப்பக்கம் எண்ணெய்க் கறை. அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்.

"எம்மவன் சட்ட, டாக்டரம்மா. தொவைக்காதது. அவன் வரமாட்டான். இதப் பாத்துச் சொல்லுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. இங்கே நோயாளியால் எழுந்து வரமுடியவில்லை என்றால், அவர் உடுத்திய துணியைத் துவைக்காமல் எடுத்துப் போவார்கள். பூசாரியாக இருந்தாலும் சரி, மலாய்க்கார மந்திரவாதியான பொமோவாக இருந்தாலும் சரி, துணியைத் தொட்டுப் பார்த்து என்ன பிடித்திருக்கிறது என்று சொல்வார். கயிறு மந்திரித்துக் கொடுப்பார். லெட்சுமி எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்திருந்தார். வந்து சேர்ந்த இடம்தான் வேறு.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? "மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பலாம். விதிப்படி அதுதான் சரி. ஆள் வராமல் ஆலோசனை இல்லை. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்த பெண்மணி ஒன்று சொல்வார்: நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, இப்போதைக்கு அவர்தான் உன் ஆள். மகனால் வரமுடியவில்லை. தாய் வந்திருக்கிறார். இருக்கும் ஒரே வழி அவர்தான். அந்த வழியை நானே அடைக்கக்கூடாது.

"சட்டைய நீங்களே மடியில வச்சுக்குங்கம்மா," என்றேன். "எனக்குத் துணியப் பாத்துச் சொல்லத் தெரியாது. கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவேன். இந்தச் சட்டைய ஏன் கொண்டு வந்தீங்க? வேற சட்டை இல்லையா?"

"இதுதான் கடைசியா வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போனது," என்றார். பிறகு அழுதார். பிறகு சொன்னார்.

மகன் கதிர். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். சில மாதங்களுக்கு முன் அவன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது சுகு குறுக்கே வந்துவிட்டான். சுகு அதே தோட்டம், அதே வயது, ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். கால் நசுங்கிவிட்டது. கதிர்மேல் தவறில்லை என்று நிர்வாகம் விசாரித்துச் சொல்லிவிட்டது. சுகுவின் குடும்பமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கதிர் அன்றைக்கு அறைக்குள் போனவன்தான். கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்தால் யாரும் இல்லாதபோது எடுத்துக்கொள்வான். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குளிப்பான்.

"அவங்க அப்பா பொறுமை போயிருச்சு டாக்டரம்மா. ஒரு சாமிக்காரரைப் பேசி வச்சிட்டாரு. அடுத்த வாரம் கழிச்சு வர ஞாயித்துக்கெழம அவரு வந்ததும் கதவ ஒடச்சு, கட்டித் தூக்கிக்கிட்டுப் போயி வேப்பிலை அடிக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி நீங்க எதாச்சும் செய்ங்க."

நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. நேராகக் கேட்டேன். "சாகணும்னு உங்க மகன் எப்பவாச்சும் சொன்னாரா?"

லெட்சுமியின் முகம் கறுத்துப்போனது. "என்னங்க டாக்டரம்மா, இப்படி வாயில வைக்கறீங்க?"

"கேட்டா வந்துறாதும்மா. நாம கேக்காம இருந்தா அவரு தனியா அதோட இருக்கணும்."

மடியிலிருந்த சட்டையை இரண்டாக மடித்தார். "'நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி'ன்னு ஒரு தடவ சொன்னான். நான் காதுல வாங்காத மாதிரி போய்ட்டேன்."

இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்போதும் நாக்குக் கூசும். கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கும். விதைக்கமாட்டீர்கள். கேட்டே ஆகவேண்டும். அன்றைக்கே கிளினிக் டாக்டரிடம் பேசினேன். வீட்டுப் பின்புறக் கொட்டகையில் இருக்கும் களைக்கொல்லி முதலிய எதுவும் இருட்டுவதற்குள் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும், வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும், அவன் சாகப்போவதாகச் சொன்னாலோ, ஏதாவது செய்யப்போகிறான் என்று தெரிந்தாலோ என்னைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று லெட்சுமியிடம் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். அதற்குமேல் ஒரு வேலையும் கொடுத்தேன்.

"அந்தக் கேள்விய நீங்களே தினமும் அவருகிட்ட கேக்கணும்."

"நானா?"

"நீங்கதான். இங்கயே ஒரு தடவ சொல்லிப் பாருங்க."

லெட்சுமி என்னையே மகனாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "கதிரு... அம்மா ஒன்னு கேக்கறேன்... நீ சாப்ட்டியாப்பா?" மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் சாப்பாட்டில் போய் நின்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீரோடு. கடைசியில் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று, சுவரைப் பார்த்து, முழுக்கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

போகும்போது தயங்கி நின்றார். "கயிறு ஒன்னும் இல்லீங்களா?"

"இல்லம்மா."

"துன்னூறாச்சும்?"

"அந்தக் கேள்விதான் நான் குடுக்கறது."

ஏமாற்றப்பட்டவர் போலத்தான் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுபடி வரச் சொன்ன தேதிக்குக் காத்திருக்காமல் லெட்சுமி ஓடி வந்துவிட்டார். கதவைத் தட்டவும் இல்லை. "மிஸ், பேசிட்டான்!" டாக்டரம்மா அன்றைக்குத்தான் மிஸ் ஆனாள்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து குரல் வந்திருக்கிறது. "சில நேரம் தோணும்மா. இப்ப இல்ல." மாதக்கணக்கில் அவன் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். "அழாதம்மா," என்று கதவுக்குள்ளிருந்து சொல்லியிருக்கிறான்.

"உள்ள எம்மவன் இருக்கான் மிஸ்," என்றார் லெட்சுமி. "அப்படியேதான் இருக்கான். பேயும் இல்ல ஒன்னும் இல்ல."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதே நேரத்தில் "சில நேரம்" என்ற சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. உடனே டாக்டரோடு உட்கார்ந்து பேசினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாமா? அவனிடம் திட்டம் எதுவும் இல்லை, வீட்டில் ஆபத்தான பொருள் இல்லை, கேட்டால் உண்மையைச் சொல்கிறான், தாய் கதவருகிலேயே இருக்கிறார். தாதி தினமும் போனில் விசாரிப்பது, ஒரு சொல் மாறினாலும் ஆம்புலன்ஸ் அனுப்புவது என்று முடிவெடுத்தோம். இப்படிப்பட்ட முடிவைத் தனியாக எடுக்காதீர்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கதிர் தாயிடம் கேட்டானாம், யார் உன்னை இப்படிக் கேட்கச் சொன்னது என்று. லெட்சுமி உண்மையைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவன் கதவுக்குள்ளிருந்து எனக்குக் கேள்வி அனுப்ப ஆரம்பித்தான். தபால்காரர் லெட்சுமிதான்.

"அந்த மிஸ் கம்பெனிக்கு எழுதிக் குடுப்பாங்களான்னு கேக்கறான்."

"அவரு சம்மதம் இல்லாம கம்பெனிக்கு ஒரு வார்த்தை போகாதுன்னு சொல்லுங்க."

"வந்து பேசலன்னா திட்டுவாங்களாங்கறான்."

"பேச வேண்டாம். கதவுகிட்டயே உக்காரலாம். போகணும்னு தோணிச்சுன்னா எழுந்து போகலாம். யாரும் தடுக்கமாட்டோம்."

"மாத்திர குடுப்பாங்களாங்கறான்."

"நான் குடுக்கமாட்டேன். அது டாக்டர் வேலை. தேவைன்னா அவருகிட்ட கேட்டுச் சேர்ந்து முடிவெடுப்போம்."

"ஒரு தடவ வந்தா சரியாயிருமாங்கறான்."

"ஆகாது. பல தடவ வரணும்."

லெட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எதக் கேட்டாலும் இல்ல, ஆகாது, மாட்டேன்னே சொல்றீங்களே மிஸ்! நீங்க கடையில நின்னா ஒரு சாமான் விக்காது." பிறகு தானே ஒரு யோசனை சொன்னார். நான் அவர்கள் வீட்டுக்கு வரவேண்டும். கிள்ளானிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். பலகாரம் கொடுக்க வந்ததுபோல் மெதுவாகக் கதவருகில் பேச்சுக் கொடுக்கலாம். என் தமிழைக் கேட்டால் கிள்ளான் சொந்தம் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்பது ஒரு பக்கம். பொய் சொல்லிக் கதவுக்குள் நுழைந்துவிட்டு அவனிடம் உண்மையைப் பேசு என்று எந்த முகத்தோடு கேட்பேன்? முடியாது என்றேன்.

சாமிக்காரர் வரவேண்டிய ஞாயிறு நெருங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை லெட்சுமி வந்தபோது பசியாறிக்கூட இருக்கவில்லை. கதிரின் கடைசிக் கேள்வியோடு வந்திருந்தார்.

"என்ன சொன்னாலும் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு மிஸ்ஸ சத்தியம் பண்ணச் சொல்லுங்கறான். பண்ணினா நாளைக்கே வரேங்கறான். நாளைக்கே மிஸ்!"

நீங்கள் எல்லோரும் இந்த விதியை மனப்பாடமாக வைத்திருப்பீர்கள். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால், அது அவர் உயிரோ பிறர் உயிரோ, சொல்லவேண்டியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். தேர்வில் எழுதுவதற்கு இது மிகச் சுலபம். ஞாயிற்றுக்கிழமை கதவை உடைக்கப்போகிறார்கள், ஒரு சொல் சொன்னால் வெள்ளிக்கிழமை அவன் வந்துவிடுவான், தாய் எதிரே கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார் என்னும்போது சொல்லிப் பாருங்கள்.

"அப்படிச் சத்தியம் பண்ண என்னால முடியாதும்மா," என்றேன். "மத்ததெல்லாம் எனக்குள்ளேயே இருக்கும். ஆனா அவரு உயிரை விட்டுடப் போறாருன்னு எனக்குத் தெரிஞ்சா வாய மூடிக்கிட்டு இருக்கமாட்டேன். இத அப்படியே சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம."

"ஒரு பொய் மிஸ். ஒன்னே ஒன்னு. பெத்தவ கேக்கறேன்."

"முடியாதும்மா."

"உங்களுக்குப் பிள்ளை இருந்தா இப்படிப் பேசமாட்டீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்குப் பிள்ளை இல்லை. அது அவருக்குத் தெரியாது. வலித்தது. அவர்மேல் கோபம் மட்டும் வரவில்லை.

அந்த மத்தியானம் நான் பயந்துபோயிருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. நான் பிடித்த பிடியால் அந்தப் பையன் போய்விட்டால்? ஆனாலும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. தாதியைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஒருமுறைக்கு இரண்டுமுறை போன் செய்யச் சொன்னேன். பிறகு கதிரின் அப்பாவுக்கு நானே போன் போட்டேன். எண்ணை லெட்சுமி முன்பே கொடுத்திருந்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். எடுத்ததும் வெடித்தார்.

"எங்க வம்சத்துல யாருக்கும் பைத்தியம் இல்ல!"

"அதத்தான் நானும் சொல்றேன் ஐயா. உங்க மகனுக்குப் பைத்தியம் இல்ல. நீங்க ஏன் கதவ ஒடைக்கப் போறீங்க?"

"பின்ன? எத்தன மாசம் பாத்துக்கிட்டு இருக்கறது?"

"மழையில மண்ரோட்டுல லோரி மாட்டிக்கிச்சுன்னா ஆக்சிலேட்டர அழுத்து அழுத்துன்னு அழுத்துவீங்களா?"

"அழுத்தினா இன்னும் உள்ள போவும்," என்றார்.

"நீங்க என்ன செய்வீங்க?"

"எறங்கிப் பாப்பேன்."

"அவ்வளவுதான் ஐயா நானும் கேக்கறது."

போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வெளியே ஒரே கூச்சல். கிளினிக் வாசலில் குலை ஏற்றும் லோரி ஒன்று நான்கு கார் நிறுத்தும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காவல்காரர் மலாயில் கத்துகிறார். அப்பா தமிழில் பதில் கத்துகிறார். இருவருக்கும் நன்றாகவே புரிகிறது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே லோரியின் அந்தப் பக்கக் கதவு திறந்து லெட்சுமி இறங்கினார். அவருக்குப் பின்னால் தாடி வளர்ந்த, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒல்லியாக ஒருவன்.

நான் ஜன்னலருகே நின்று சத்தமில்லாமல் கைதட்டினேன். தாதி பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

அப்பா உள்ளே வரமாட்டேன் என்றார். "நான் லோரியப் பாத்துக்கறேன்." லெட்சுமி வெளி பெஞ்சில் உட்கார்ந்தார். கதிர் தனியாக வந்து, கதவை ஒட்டியிருந்த நாற்காலியில் பாதி உட்கார்ந்தான். நான் யார், என்ன வேலை செய்கிறேன், எது இங்கேயே இருக்கும், எது இருக்காது என்று அவனிடமும் ஒருமுறை முழுதாகச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்தேன். இப்படிச் சும்மா இருக்கும் நேரத்தில் உங்கள் கை பேனாவைத் தேடும். தேடவிடாதீர்கள்.

திடீரென்று, "போவலாமா?" என்றான்.

"போகலாம்."

எழுந்து போய்விட்டான். பெஞ்சிலிருந்து லெட்சுமி எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பின்னால் ஓடிப் பிடிக்கச் சொல்லி என் கால்கள் கெஞ்சின. வெளியே அப்பா இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். போகலாம் என்று வாக்குக் கொடுத்தவளும் நான்தான். உட்கார்ந்தே இருந்தேன். கதிர் லோரிவரைக்கும் போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். குடித்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். யாரும் பிடிக்க வரவில்லை. திரும்பி நடந்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். இந்தத் தடவை முழுதாக.

"ஏன் வந்தேன்னு தெரியுமா மிஸ்?" என்றான். "சத்தியம் பண்ணமாட்டேன்னு சொன்னீங்கள்ல, அதுக்குத்தான். அந்த ஆக்சிடன்லேர்ந்து எல்லாரும் எனக்கு நல்லதுன்னு நெனச்சுப் பொய்யாவே சொல்றாங்க. 'ஓன் தப்பு இல்ல, ஓன் தப்பு இல்ல.' நீங்க ஒருத்தர்தான் கேட்டதுக்கு முடியாதுன்னீங்க. முடியாதுன்னு சொல்றவங்க முடியும்னு சொன்னா நம்பலாம்ல."

பிறகு அதைச் சொன்னான். "நான் ஹோன் அடிக்கல மிஸ். ரிவர்ஸ் எடுக்கறப்ப அடிக்கணும். அன்னிக்கி அடிக்கல. யாருக்கும் தெரியாது."

"உன்மேல் தவறில்லை" என்ற வாக்கியம் என் வாய்வரை வந்தது. அத்தனை பேர் சொல்லி அவனை அறைக்குள் தள்ளிய வாக்கியம் அது. நானும் சொல்லியிருந்தால் எழுந்து போனவன் திரும்பியிருக்கமாட்டான்.

"ஹோன் அடிக்கல," என்றேன். "சரி. அது நடந்தது. அத வச்சுக்கிட்டு எப்படி உயிரோட, மனுசனா நடக்கறதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

அவன் அழுதான். நான் டிஷு டப்பாவை அவன் பக்கம் நகர்த்திவைத்தேன். நான் செய்த வேலை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த சாமிக்காரரிடம் அப்பா, "லோரி வேலை இருக்கு, இன்னிக்கி முடியாது," என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எந்த ஞாயிற்றுக்கிழமை செம்பனை லோரி ஓடியது என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஏற்றம் என்று நினைக்காதீர்கள். வராத வாரங்கள் இருந்தன. வந்து வாயைத் திறக்காத நாள்கள் இருந்தன. தூக்கத்துக்கு டாக்டர் கொஞ்ச காலம் மாத்திரை கொடுத்தார். அந்த மோசமான எண்ணம் ஒருமுறை திரும்பி வந்தது. அவனே தாயை எழுப்பிச் சொன்னான், இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதை நான் தோல்வியாகக் கணக்கெடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டவன் கதவைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறான். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய வெற்றி எது?

தாடியை எடுத்தான். வேறொரு வேலையில் சேர்ந்தான். ஒருநாள் வந்து, "சுகுகிட்ட ஹோன் விஷயத்தைச் சொல்லப்போறேன்," என்றான். சுகு கோபப்பட்டால்? பேச மறுத்தால்? ஊரைக் கூட்டினால்? ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசினோம். எல்லாவற்றுக்கும் தயாராகப் போனான். நடந்ததற்குத் தயாராக இருக்கவில்லை.

"எனக்குத் தெரியும்டா," என்றிருக்கிறான் சுகு. "நானும் போனப் பாத்துக்கிட்டுத்தான் குறுக்க நடந்தேன். தாண்டக்கூடாத மஞ்சக்கோட்டத் தாண்டிட்டேன். அத நானும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீ வெளிய வராம கெடந்தது என்னாலதான்னு ராவெல்லாம் தூங்கல." தோட்டத்து லயத்தின் ஒரே வீட்டு வரிசையில், சில வீடுகள் தள்ளி, இருவரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து அழுதுவிட்டு, பெடாஸ் கடைக்குப் போய் வயிறு முட்டத் தின்றார்களாம்.

அதன் பிறகு ஒரு காலை. முதல் ஆளைக் கூப்பிடக் கதவைத் திறக்கப் போனேன். வெளி பெஞ்சில் கதிரின் குரல் கேட்டது. அன்று அவனுக்கு நேரம் குறித்திருக்கவில்லை. பக்கத்தில் கைத்தடியோடு சுகு.

"உள்ள போனா என்னா செய்வாங்க?" என்று கேட்டான் சுகு.

"ஒன்னும் செய்யமாட்டாங்கடா. கேப்பாங்க. ஊசி கெடையாது, மாத்திர கெடையாது. பேச்சு வரலன்னா சும்மா ஒக்காந்துரு. அழுவ வந்தா அழு, டிஷு இருக்கு, ஆனா மட்டமான டிஷு. போவணும்னா எழுந்து போ, யாரும் தொரத்தமாட்டாங்க. ஒரே நாள்ல சரியாவாது, அதையும் இப்பவே சொல்லிர்றேன்."

"வெளிய சொல்லிருவாங்களா?"

"மாட்டாங்க. ஒன்னத் தவிர. சாவப்போறேன்னு சொன்னேன்னா சொல்லிருவாங்க. சொல்லுவேன்னு மொதல்லயே சொல்லிருவாங்க."

கைத்தடி தரையில் லேசாக நகர்ந்த சத்தம் கேட்டது.

"பயப்படாதடா," என்றான் கதிர். "நாம செத்துறக்கூடாதுன்னு பிடிவாதமா ஒரு ஆளு இருக்குன்னு, அவங்க சத்தியம் பண்ணமாட்டேன்னப்பதான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

என் பணிக்காலம் முழுவதும் அந்த விதியை நான் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிக்கணும், இந்த ஒன்றை மட்டும் என்னால் மறைக்க முடியாது என்று. அந்தக் காலையோடு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். நீங்கள் அப்படி ஆரம்பிக்கவே வேண்டாம். வருகிறவரின் கண்ணைப் பார்த்து, தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

கதவைத் திறந்து, "சுகு, வாங்க," என்றேன். அவன் கைத்தடியை ஊன்றி எழுந்து, கதிர் நீட்டிய கையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தானே உள்ளே நடந்து வந்தான்.